பேரரசியும் பிரட்டுக்களமும்

உயர்தர வகுப்பில் ஐரோப்பிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் எவரும் ருஷ்யப் பேரரசி இரண்டாம் கதரீனைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. 1762 முதல் 1796 வரை, முப்பத்து நான்கு ஆண்டுகள், ஐரோப்பாவின் மிகப் பெரிய நாட்டைத் தனியொருத்தியாக ஆண்டவர் அவர். சென்ற தவணையில் அப்பாடத்தை முடித்த மறுநாள், ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி, கைக்குட்டையில் முடிந்திருந்த வெள்ளி நாணயமொன்றை நம் மேசைமீது வைத்தாள். "எங்க அம்மாயிகிட்ட இருக்கிறது சேர். இதுவும் ஒரு மகாராணிதானே?" என்று கேட்டாள்.

நாணயத்தைத் திருப்பிப் பார்த்தோம். 1878ஆம் ஆண்டு வார்க்கப்பட்ட இந்திய ஒரு ரூபாய். முடிசூடிய பெண்ணொருத்தியின் தலை. அதன் இருபுறமும் 'விக்டோரியா பேரரசி' என்னும் பொருள்பட ஆங்கில எழுத்து. 1876 வரை வெளிவந்த ரூபாய்களில் 'விக்டோரியா ராணி' என்றே இருந்தது. அடுத்த ஆண்டுதான் ராணி பேரரசியானார். 1872 முதல் இலங்கையிலும் ரூபாயே சட்டபூர்வமான நாணயமாகிவிட்டபடியால், இந்திய டங்கசாலைகளில் வார்த்த இவ்வெள்ளிக்காசு பாக்குநீரிணையைத் தாண்டி வந்து நம் மலைகளிலும் புழங்கிற்று. மாணவியின் கேள்விக்கு அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. கடலுக்கும் மலைகளுக்கும் அப்பாலுள்ள பேரரசியைப் பற்றி மூன்று வாரம் பேசிய நாம், இம்மலைகளைத் தன் பெயரால் காடழிக்கச் செய்த பேரரசியைப் பற்றி ஒரு நாளேனும் பேசியதில்லை. அக்குறையை ஓரளவு தீர்க்கவே இக்கட்டுரை.

முதலில் கதரீன். ஜெர்மானியச் சிற்றரசொன்றின் மகளாய் 1729இல் பிறந்து, ருஷ்ய முடிக்குரியவனை மணந்து, பின்னர் அக்கணவனையே அரண்மனைப் புரட்சியால் வீழ்த்தி அரியணை ஏறியவர். வோல்தேயரோடு கடிதத் தொடர்பு கொண்டவர். திதரோ பொருள் முட்டுப்பட்டபோது அவனுடைய நூலகத்தை விலைக்கு வாங்கி, அதை அவனிடமே விட்டுவைத்துச் சம்பளமும் கொடுத்தவர். உயர்குடிப் பெண்களுக்குக் கல்விக்கூடம் நிறுவினார். அம்மைநோய்க்கு மக்கள் அஞ்சிய காலத்தில் 1768இல் தம் உடலிலேயே அம்மைப்பால் குத்துவித்து நாட்டுக்கு முன்மாதிரியானார். இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு அவரை வெறும் கொடுங்கோலியாகக் காட்டுவது வரலாறு ஆகாது. மாணவர்க்கும் அவ்வாறு நாம் கற்பிப்பதில்லை.

ஆனால் 1767ஆம் ஆண்டை நோக்குக. அவ்வாண்டிலேதான் சட்டமியற்றும் பெருங்குழுவுக்கென அவர் ஓர் அறிவுரைப் பத்திரத்தை வெளியிட்டார். மனிதர் யாவரும் சட்டத்தின்முன் சமம் என்ற கருத்தெல்லாம் அதில் இடம்பெற்றதால், பிரான்ஸ் நாட்டில் அது தடைசெய்யப்படும் அளவுக்குப் புகழ் பெற்றது. அதே 1767இல் இன்னொரு கட்டளையும் பிறந்தது. தம் பண்ணையாருக்கெதிராகப் பேரரசியிடம் முறையிடும் பண்ணையடிமைகள் கசையடி பெற்றுச் சைபீரியாவுக்கு நாடுகடத்தப்படுவர் என்பது அதன் சாரம். முன்னைய பத்திரம் ஐரோப்பிய மொழிகளிலே மொழிபெயர்க்கப்பட்டது. பின்னையது ருஷ்யக் கிராமங்களிலே உரக்க வாசிக்கப்பட்டது. 1773இல் புகச்சேவ் தலைமையில் வோல்கா நதிக்கரை தீப்பற்றியெரிந்ததற்குப் பின்னையதைக் கேட்டவர்களே காரணம். 1775 தொடக்கத்தில் மாஸ்கோவில் அவன் தலை வீழ்ந்தது. அதன் பின்னரும் பேரரசியின் கை தளரவில்லை. 1783இல் உக்ரேனிய உழவரும் மண்ணோடு பிணைக்கப்பட்டனர். தமக்கு வேண்டியவர்க்கு அவர் பரிசாக வழங்கிய உழவரின் தொகை ஏறத்தாழ எட்டு இலட்சம் என வரலாற்றாசிரியர் கணிப்பர். ராதிஷ்செவ் என்னும் எழுத்தாளன், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து மாஸ்கோ செல்லும் வழியில் உழவர் நிலையைக் கண்டெழுதிய நூலை 1790இல் வெளியிட்டபோது, அவனுக்கு விதிக்கப்பட்டது மரணதண்டனை. பேரரசியின் கருணை அதைச் சைபீரியவாசமாகக் குறைத்தது.

ருஷ்யப் பிரபுவின் செல்வத்தை அன்று 'ஆன்மா'க்களால் எண்ணினர். இன்னாருக்கு ஆயிரம் ஆன்மா, இன்னாருக்கு ஐந்நூறு. இதை வகுப்பில் கூறியபோது பின்வாங்கிலிருந்து சிரிப்பொலி எழுந்தது. சிரித்தவன் தோட்டத்துப் பிள்ளை. அவன் வீட்டில் ஒருநாள் வேலையைப் 'பேர்' என்பர். முழு நாள் நின்றால் முழுப்பேர். கொழுந்து குறைந்தால் அரைப்பேர். ஆன்மாவைக் கணக்கிட்ட நாட்டைக் கண்டு, பெயரைக் கணக்கிடும் ஊர்ப்பிள்ளை சிரித்தான்.

விக்டோரியா அத்தகைய தனியாட்சியர் அல்லர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுதல் முறை. 1837இல் பதினெட்டு வயதில் முடிசூடி 1901 ஜனவரி 22இல் மறையும் வரை அவர் பாராளுமன்றத்துக்கு உட்பட்ட அரசி. இலங்கைக்கான சட்டங்களை அவர் எழுதவில்லை. தேசாதிபதியும் சட்டநிரூபண சபையும் எழுதின. எனினும் ஒவ்வொரு கட்டளைச் சட்டமும் அவர் பெயரால் பிறந்தது. வேண்டாமென்றால் இலண்டனில் அதை நிராகரிக்க அவர் முடிக்கு அதிகாரமிருந்தது. எதை நிராகரித்தனர், எதை வாழவிட்டனர் என்பதிலேதான் ஒரு முடியின் குணம் தெரியும்.

அம்முடியின் பெயரால் முதலிற் பறிபோனது நிலம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் முடிக்குரியவை எனக் கொள்ளப்படும் என்றது. கண்டிச் சிங்கள உழவன் தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த, சேனை வெட்டிய காடுகளுக்கு அவனிடம் என்ன பத்திரம் இருந்தது? ஏக்கர் ஐந்து சிலிங் என்னும் விலையில் அக்காடுகள் கைமாறின. வாங்கியவர் பட்டியலில் தேசாதிபதி இருந்தார், நீதிபதிகள் இருந்தனர், படையதிகாரிகளும் மதகுருமாரும்கூட இருந்தனர். கதரீன் தம் அன்பர்க்கு நிலத்தை இனாமாகக் கொடுத்தார். இங்கே பெயரளவுக்கு ஒரு விலை வாங்கப்பட்டது, வேறுபாடு அவ்வளவே. 1848இல் நாய்க்கும் துப்பாக்கிக்கும் கடைக்கும் வரி, ஆண்டுக்கு ஆறு நாள் வீதிவேலை அல்லது மூன்று சிலிங் என்று சுமை ஏறியபோது மாத்தளையில் கிளர்ச்சி வெடித்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டான். புகச்சேவின் கதையை உணர்ச்சியோடு கேட்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் புரன் அப்புவைத் தெரியும்? தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவன் அந்நியன் என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. அவனுடைய ஊராரின் காட்டைப் பறித்த கையே நம் முன்னோரை அக்காட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தியது என்ற உண்மையை இரு மொழிப் பாடசாலைகளும் சேர்ந்து படிக்கும் நாள் வரவேண்டும்.

காட்டை வாங்கியாயிற்று, வெட்ட ஆள் வேண்டும். கிராமத்துச் சிங்கள உழவன் தன் வயலை விட்டுக் கூலிக்கு வர மறுத்தான். திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் திரட்டினர். இராமேசுவரத்துக் கரையிலிருந்து மன்னாருக்குத் தோணி. மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடை. காலராவும் மலேரியாவும் அவ்வழியிற் காவல் நின்றன. ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மாண்டனர்.

சட்டப் புத்தகத்தை இனி வரிசையாகப் புரட்டுவோம். 1844இல் இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிக்கப்பட்டது. விக்டோரியா ஆட்சியின் அணிகலனாக இதைக் கூறுவர், கூறட்டும். ஆனால் அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, 1841இல், வேலையாளரை ஒப்பந்தத்தால் கட்டும் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பிறந்துவிட்டது. அடிமை என்ற சொல் போகுமுன்னரே அதன் இடத்துக்கு வேறொன்று தயாராகிவிட்டது. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் அதை இன்னும் திருத்தமாக வரைந்தது. கூலியாள் மாத ஒப்பந்தத்துக்கு உட்பட்டவன்; முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்கினால் அது குற்றம்; கூலியை இழக்கலாம், அபராதம் கட்டலாம், மூன்று மாதம்வரை கடூழியச் சிறையும் கிடைக்கலாம். ஓடிவந்தவனைத் தெரிந்துகொண்டே வேலைக்கு அமர்த்தும் அயல்தோட்டத்து முதலாளியும் தண்டனைக்குரியவன். கடன் வாங்கிய வணிகன் கடனைத் தீர்க்காவிட்டால் குடியியல் வழக்கு. கொழுந்தாயும் பெண் பிரட்டுக்கு வராவிட்டால் குற்றவியல் வழக்கு!

துரைக்கும் அச்சட்டத்தில் கடமைகள் எழுதப்பட்டிருந்தன என்பார் உளர். ஆம், எழுதப்பட்டிருந்தன. ஆனால் நீதிமன்றம் பல மைல் தொலைவில், அங்கே செல்லத் தோட்டத்தை விட்டு நீங்கவேண்டும், நீங்கினால் குற்றம். நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். நீதிபதியோ துரையோடு கிளப்பில் விருந்துண்பவர். 1854இல் கண்டியில் உருவான தோட்டத்துரைமார் சங்கத்தின் குரல் சட்டநிரூபண சபைக்குள் ஒலித்தது. கூலியின் குரல் ஒலிக்க அங்கே ஒரு நாற்காலியும் இல்லை. கதரீனின் 1767ஆம் ஆண்டுக் கட்டளை முறையீட்டை வெளிப்படையாகத் தடைசெய்தது. இங்கே தடைசெய்யவேண்டிய தேவையே எழவில்லை.

1861இல் ருஷ்யாவில் இரண்டாம் அலெக்சாந்தர் ஏறத்தாழ இரண்டேகால் கோடிப் பண்ணையடிமைகளை விடுவித்தான். நான்கு ஆண்டு கழித்து இலங்கையில் 1865ஆம் ஆண்டுச் சட்டம் வருகிறது. பிற்போக்கின் உறைவிடம் என்று இலண்டன் பத்திரிகைகள் ஏசிய ஜார் ஆட்சி கட்டை அவிழ்த்துக்கொண்டிருக்க, சுதந்திரத்தின் தாயகம் என்று தம்மைத் தாமே புகழ்ந்துகொண்டவர்கள் கட்டை இறுக்கிக்கொண்டிருந்தனர். ஆயினும் ருஷ்ய உழவனும் முழுதும் விடுபட்டானல்லன். தனக்குக் கிடைத்த துண்டு நிலத்துக்காக 49 ஆண்டு மீட்புப்பணம் கட்டுமாறு அவன்மேல் கடன் சுமத்தப்பட்டது. சங்கிலி போய்க் கடன் வந்தது.

கடனை நம் மக்களுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. 'துண்டு' என்னும் சொல்லைத் தோட்டத்து முதியோர் அறிவர். ஊரிலிருந்து புறப்படும்போதே வழிச்செலவு, துணி, அரிசி, கங்காணியின் முற்பணம் எல்லாம் கூலியாளின் கணக்கில் ஏறின. தோட்டத்துக்கு வந்து சேரும்போது அவன் கடனாளி. அவன் மனைவியும் கடனாளி. அவர்கள் வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், துரை ஒரு துண்டுக் கடதாசி எழுதிக் கொடுப்பார்: இன்னாருக்கு இவ்வளவு கடன் உண்டு, அதைச் செலுத்துவோரிடம் இவர்கள் விடுவிக்கப்படுவர். புதிய துரை அத்தொகையைச் செலுத்துவார், கடன் அவர் புத்தகத்துக்கு மாறும், ஆளும் மாறுவான். மாறும் ஒவ்வொரு தடவையும் கங்காணி தனக்கென ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்வதால் துண்டின் தொகை வளரும். பெரிய கங்காணிக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தலைக்காசு வேறு. மனிதனைச் சந்தையில் நிறுத்தி விற்கவில்லை. அவன் கடனை விற்றனர், அவன் அதன் பின்னே நடந்தான். இத்துண்டுமுறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. விக்டோரியா மறைந்து இருபது ஆண்டுகளாகியிருந்தன.

மாணவி தந்த நாணயம் பிறந்த காலத்துக்கு வருவோம். 1877 ஜனவரி 1. டெல்லியில் வைசிராய் லிட்டன் பெரும் தர்பார் கூட்டி விக்டோரியாவை இந்தியாவின் பேரரசியாகப் பிரகடனம் செய்தார். மன்னர்களும் நவாப்களும் யானைகளோடு அணிவகுத்தனர். அதே நாளில் கொழும்பில், தேசாதிபதி கிரெகரி நிறுவிய அரும்பொருட்காட்சிச்சாலை திறந்துவைக்கப்பட்டது, நாகரிகமான செயல்தான். அதே நாளில் சென்னை மாகாணம் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சம் இந்தியாவில் ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டது என்பது பொதுவான கணிப்பு. தானியமே இல்லாத நாடா அது? இல்லை. கோதுமையும் அரிசியும் கப்பலேறிக்கொண்டே இருந்தன. சந்தையில் அரசு தலையிடலாகாது என்பது வைசிராயின் கொள்கை. செலவைக் குறைக்கவென அவர் அனுப்பிய ரிச்சர்ட் தெம்பிள், நிவாரண வேலையில் கல் சுமக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு இறாத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று விதித்தார். சென்னையின் சுகாதார அதிகாரியாயிருந்த கோர்னிஷ் என்னும் வெள்ளையரே இது மனிதன் உயிர்வாழப் போதாது என்று வாதாடினார் என்பதையும் ஈண்டு குறித்தல் வேண்டும். எல்லா வெள்ளையரும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவரல்லர்.

பஞ்சம் கங்காணியின் வேலையை எளிதாக்கிற்று. மகாராணி பேரரசியான அந்த ஆண்டுகளில் எலும்பும் தோலுமாய்க் கரையேறியோர் பல்லாயிரவர். இம்மலைகளில் பல குடும்பங்களின் வாய்வழி வரலாறு 'தாது வருசத்துப் பஞ்சத்திலே வந்தோம்' என்றே தொடங்குகிறது. தாது ஆண்டு என்பது 1876. அச்சொற்றொடரைப் பாட்டிமார் வாயிலிருந்து எழுதிக்கொண்டு வருமாறு நம் மாணவரைப் பணித்தோம். முப்பத்திரண்டு பேரில் ஒன்பது பேர் எழுதிக்கொண்டு வந்தனர். எந்தப் பாடநூலிலும் இல்லாத வரலாற்று ஆவணங்கள் அவை.

அவர்கள் வந்தபோது கோப்பி செத்துக்கொண்டிருந்தது. 1869இல் மடுல்சீமையில் காணப்பட்ட இலைநோய் பதினைந்து ஆண்டுகளில் கோப்பியைத் தின்று தீர்த்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். ஆகவே லயங்கள் நிலைத்தன, குடும்பங்கள் நிலைத்தன. 1867இல் கண்டியை அடைந்த புகையிரதம் 1874இல் நாவலப்பிட்டியையும், ஹட்டனைக் கடந்து சிங்கமலைச் சுரங்கத்தினூடாக 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. நாம் மாணவராயிருந்த நாளில் விக்டோரியா காலம் என்றால் புகையிரதம், தபால், ஆஸ்பத்திரி என்று மனனஞ்செய்து எழுதிப் புள்ளி வாங்கினோம். அவை பொய்யல்ல. அச்சுரங்கத்தைக் குடைந்த கைகள் யாருடையவை என்பதற்கு மட்டும் புள்ளி இருக்கவில்லை.

வெள்ளி ரூபாயின் வேறொரு சூதும் உண்டு. 1870களின் பின் உலகச் சந்தையில் வெள்ளி விலை வீழ்ந்துகொண்டே வந்தது. துரைமார் தேயிலையை இலண்டனில் தங்க நாணயமான பவுணுக்கு விற்றனர். கூலியை இங்கே வெள்ளி ரூபாயில் கொடுத்தனர். ரூபாயின் மதிப்பு இறங்க இறங்க, ஒரு பவுணுக்கு முன்னையிலும் அதிகமான ரூபாய் கிடைத்தது. கூலியாளுக்கோ அதே எண்ணிக்கையான காசே. யாரும் கூலியைக் குறைக்கவில்லை, யாரும் களவெடுக்கவில்லை. பேரரசியின் தலை பொறித்த காசே அவ்வேலையைச் செய்தது. அந்த அம்மாயியின் பாட்டி அக்காசைத் துணியில் முடிந்து வைத்தபோது, முடிச்சுக்குள்ளேயே அதன் மதிப்பு தேய்ந்துகொண்டிருந்தது.

அரசியர் ஆண்டதால் பெண்கள் உயர்ந்தனரா என்று மாணவியர் கேட்பதுண்டு. நல்ல கேள்வி. கதரீனின் கல்விக்கூடத்தில் பண்ணையடிமையின் மகளுக்கு இடமிருக்கவில்லை. விக்டோரியாவோ பெண்ணுரிமை இயக்கத்தையே வெறுத்தவர். 1870இல் எழுதிய கடிதமொன்றில் அதைக் கடுமையாகச் சாடினார். அவர் குடிகளான கொழுந்தாயும் பெண்கள் விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து, குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, கூடை சுமந்து, அதே நாளுக்கு ஆணிலும் குறைந்த கூலி பெற்றனர். இந்நாட்டில் 1960இல் உலகின் முதற் பெண் பிரதமர் பதவியேற்றார். அவரே 1964இல் சாஸ்திரியோடு ஒப்பந்தஞ்செய்து, 525,000 மலையக மக்களை இந்தியாவுக்கு அனுப்ப இணங்கினார். சிம்மாசனத்தில் இருப்பவர் அணிவது சேலையா, கோட்டா என்பது லயத்துக் காம்பராவுக்குள் எட்டிய செய்தியாகத் தெரியவில்லை.

அவ்வொப்பந்தத்தின் வேரும் பேரரசியின் காலத்திலேயே இருக்கிறது. பாக்குநீரிணையின் இரு கரையிலுமுள்ளோர் ஒரே முடியின் குடிகள். இராமநாதபுரத்திலிருந்து ஹட்டனுக்கு வந்தவன் அந்நியநாடு ஒன்றுக்கு வந்தவனல்லன், கடவுச்சீட்டும் கேட்கப்படவில்லை. அவனுக்குப் பிறப்புப் பத்திரம் எழுதிவைக்க எவரும் அக்கறை கொள்ளவில்லை. செக்ரோலில் பெயர் இருந்தால் போதும். விக்டோரியா மறைந்த 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் தோட்டங்களில் வாழ்ந்தோர் நான்கு இலட்சத்தைக் கடந்திருந்தனர். 1948இல் அம்முடி விலகியது. அதே ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பனோ, அன்றேல் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தும் ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவானோருக்கே உரிமை கிடைத்தது. ஒரு பேரரசியின் குடிகள் என்ற ஒரே தகுதியோடு கொண்டுவரப்பட்டோர், அம்முடி போனதும் எந்நாட்டின் குடிகளும் அல்லாதோராயினர். சட்டத்தை இயற்றிய கொழும்பு அரசின் குற்றத்தை நாம் இதனால் குறைத்துக் கூறவில்லை. சுதந்திரம் பெற்ற ஈராண்டுக்குள் ஏழைகளின் வாக்கைப் பறித்தவர்களுக்கு வேறெவர்மேலும் பழிபோட உரிமையில்லை.

கொழும்பிலிருந்த விக்டோரியாப் பூங்கா சுதந்திரத்தின் பின் விகாரமகாதேவிப் பூங்காவாயிற்று. நுவரெலியாவிலுள்ளதோ 1897ஆம் ஆண்டு வைரவிழாவின் ஞாபகமாகப் பெற்ற பெயருடனேயே இன்றும் இருக்கிறது. சித்திரை மாதத்து வசந்தகாலத்தில் தோட்டத்துப் பிள்ளைகள் நுழைவுச்சீட்டு வாங்கி அதற்குள் பூப்பார்க்கப் போகின்றனர். பெயரை மாற்றவேண்டுமென்று நாம் கிளர்ச்சி செய்யப்போவதில்லை.

அடுத்த வாரம் அந்த மாணவியோடு அவள் லயத்துக்குச் சென்று நாணயத்தை அம்மாயியிடம் திருப்பிக் கொடுத்தோம். எண்பதைக் கடந்தவர், நாற்பது ஆண்டுக்குமேல் கொழுந்தெடுத்தவர். காசில் எழுதியிருப்பதை வாசித்துக் காட்டியபோது கவனமாகக் கேட்டார். பின்பு தகரப் பெட்டியைத் திறந்து, காசை வைத்துவிட்டு, அதனடியிலிருந்து பொலிதீன் உறையிலிட்ட ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின்படி தாம் இலங்கைப் பிரஜை என்று காட்டும் பத்திரம். "இது சரியா இருக்கான்னு பாருங்க வாத்தியாரையா" என்றார். எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்துக் காட்டினோம். சரியாக இருந்தது.